உறங்கும் முன் ஐந்து நிமிடம்

மும்பை நெடுஞ்சாலையில் அமைந்த பட்டான்செரு, மருந்து ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்த தொழிற்பகுதி. அங்கிருந்து இல்லம் திரும்புவோரின் முகத்தில் தூசியும் வியர்வையும் படிந்திருக்கும். எளிதில் சிவந்து எரியும் சருமம் உடையோர் அவற்றை அழுத்தித் தேய்த்துக் கழுவுவதே முதல் தவறு.

இரவில் சருமத்திலிருந்து நீர் மிகுதியாக வெளியேறுகிறது. அரிப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இரவுப் பராமரிப்பின் நோக்கம் அழகூட்டுவதன்று, ஈரத்தைக் காப்பதே. அதற்கு மூன்று படிகள் போதும்.

வெதுவெதுப்பான நீரும் மென்மையான கழுவுநீர்மமும் கொண்டு விரல்நுனியால் கழுவுக. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன் வாசனைப் பொருள் சேராத ஈரப்பதக் களிம்பைத் தடவுக. மிக வறண்ட இடங்களில் மட்டும் சிறிதளவு பெட்ரோலியம் ஜெல்லி பூசுக. எலுமிச்சைச் சாற்றைத் தவிர்க்க. புதிய களிம்பை முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பின்னரே முகத்திற்குப் பயன்படுத்துக.

ஓர் எச்சரிக்கை. சில நாள்களில் நிறம் கூட்டுவதாகக் கூறி விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் பன்மடங்காகும். மருத்துவர் சீட்டின்றி இத்தகைய களிம்புகளை விற்பதற்கு எதிராக, 2018இல் மத்திய அரசு விதிகளைக் கடுமையாக்கியது. ஏற்கெனவே பூசி வருவோர் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரை அணுகுக.

விலையுயர்ந்த பத்துக் குப்பிகளைவிட, பொருந்திய இரண்டே சருமத்திற்கும் சேமிப்பிற்கும் நன்மை தரும்.