நாணமும் நாடியும்

நாணத்தினால் நாம் வாய்திறவாத நோய்களுள் ஆண்மைக் குறைவும் ஒன்று. 1970ஆம் ஆண்டளவிலும், மனக்கலக்கமே இதற்குப் பெரும்பாலும் காரணமென அறிஞர் பலர் கருதினர். சலரோகம், இரத்த அழுத்தம், புகைத்தல் ஆகியன நாடிகளையும் நரம்புகளையும் பழுதாக்குவதே பலரிடத்து மூலகாரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நரம்புகளும் நாடிச் சுவர்களும் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளிவிட, நாடிகள் தளர்ந்து உறுப்பிற் குருதி நிறைகின்றது. இவ்வாயுவின் தொழிலைக் கண்டறிந்த பெர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்ட சில்டெனபில் மாத்திரை, அவ்வாண்டிலேயே இக்குறைக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும், நைத்திரேற்று மருந்து உட்கொள்ளும் இதயநோயாளர் இதனைத் தொடலாகாது. இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரலாம்.

இவ்வுறுப்பின் நாடி இதய நாடியினும் ஒடுங்கியது. ஆதலின் அடைப்பு இங்கே முந்தித் தோன்றலாம். மாரடைப்புக்கு இக்குறை முன்னறிவித்தலாகலாம். கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ மருந்துக்கடையில் இரகசியமாக மாத்திரை வாங்குபவர் அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறார். களுபோவிலை அரசாங்க வைத்தியசாலை அண்மையிலேயே உண்டு. வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லி, குருதியிலுள்ள சீனியையும் அழுத்தத்தையும் அளந்தறிவதே அறிவுடைமை. நாணத்தைக் காக்க உயிரை இழக்கலாமோ?