குளிர்ல ஃபுட்பால் போட்டோ எடுக்கப் போறீங்களா? லென்ஸை இஎம்ஐ-ல வாங்கலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்லயோ ஆவடியிலயோ வேலை, லீவு நாள்ல மேட்ச் போட்டோ எடுத்து சைடு வருமானம். இப்படி இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம நேரு ஸ்டேடியத்துல டிசம்பர்லயும் வியர்க்கும். ஆனா 2018-19 சீசன்ல ரியல் காஷ்மீர் அணி ஐ-லீக்குக்கு வந்ததும், ஸ்ரீநகர் டி.ஆர்.சி. மைதானத்துல குளிர்காலத்துலயும் மேட்ச் நடந்தது. அப்படி ஒரு வேலை வந்தா, வர்ற ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க.

பேட்டரி: குளிர்ல சீக்கிரம் இறங்கிடும். எக்ஸ்ட்ரா பேட்டரிகளை உள்பாக்கெட்ல வைங்க.

ஈரம்: கேமராவை ஜிப் கவர்ல மூடிட்டு ரூமுக்குள்ள போங்க. இல்லேன்னா லென்ஸ்ல நீர் படிஞ்சிடும்.

லென்ஸ்: 400 எம்எம் எஃப்2.8 புதுசா வாங்கினா 10 லட்சத்தைத் தாண்டும். இங்கதான் பலர் இஎம்ஐ-ல மாட்டிக்கிறாங்க.

கணக்கு எழுதி லாபம் காட்டுறவங்களுக்கு வரி விஷயம் இதுதான்:

1. இஎம்ஐ முழுசும் செலவு ஆகாது. வட்டி மட்டும்தான்.
2. லென்ஸுக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 15%. வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா 7.5%தான்.
3. இந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது.
4. வாடகைக்கு எடுத்தா, கொடுத்த வாடகை முழுசும் அந்த வருஷச் செலவு.

இந்த வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போடக் கூடாது, ஞாபகம் வைங்க.

என் கருத்து: முதல்ல வாடகை. ஒரு வருஷ வாடகை, ஒரு வருஷ இஎம்ஐ அளவுக்கு வந்தா மட்டும் வாங்குங்க. அதுவரைக்கும் உங்க சம்பளம் லென்ஸுக்கு வட்டி கட்ட வேண்டாம். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.