ஊறவைத்த முட்டை: ஜப்பானியர் முறையும் நம் இல்லமும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை என்னும் ஏற்பாடு அதனுடன் சேர்ந்தது. 2010 முதல் வாரத்திற்கு ஐந்து முட்டைகள் என வளர்ந்தது. 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஆயினும், குழந்தை தட்டில் ஒதுக்கி வைத்த முட்டையால் பயன் ஏதுமில்லை. விடுமுறை நாட்களில் வீட்டில் அவித்த முட்டையைச் சுவையில்லை என்று தள்ளும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு உதவும் எளிய முறை ஒன்றை இங்கு விளக்குவோம்.

ஜப்பானியர் முட்டையை அவித்து, ஓடு நீக்கி, சுவைநீரில் ஊறவைத்து உண்பர். சோயா மொச்சை, கோதுமை, உப்பு ஆகியவற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் சோயாச் சாறும், மிரின் என்னும் இனிப்பான அரிசி மதுவுமே அச்சுவைநீருக்கு முதன்மையானவை. நமக்கு மிரின் வேண்டுவதில்லை, வெல்லமே போதும். சோயாச் சாறு பெரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

முதலில் முட்டையைச் சோதித்தல் வேண்டும். தண்ணீரில் இட்டால் புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும், நாட்பட்டது நிமிர்ந்து நிற்கும், மிதப்பதை விலக்குக. அன்றே இட்ட முட்டையைவிடச் சில நாட்கள் சென்ற முட்டையில் ஓடு எளிதில் உரியும். முட்டையினுள் உள்ள கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுவதால், வெள்ளைக்கரு உட்சவ்வுடன் ஒட்டும் பிடிப்புக் குறைவதே இதற்குக் காரணமாகும்.

கொதிக்கும் நீரில் முட்டைகளை மெல்ல இறக்கி, 10 முதல் 12 நிமிடம் வரை வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் இடுக. மிகுதியாக வெந்தால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை நிற வளையம் தோன்றும். மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் வெள்ளைக்கருவிலுள்ள கந்தகமும் கூடுவதால் விளைவது அது, தீங்கற்றது.

நான்கு முட்டைகளுக்கு நான்கு மேசைக்கரண்டி சோயாச் சாறு, எட்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம், தட்டிய இஞ்சி ஒரு துண்டு ஆகியவற்றைக் கொதிக்கவைத்து ஆறவிடுக. ஓடு நீக்கிய முட்டைகளைக் குழம்புக்குக் கீறுவதுபோல் இலேசாகக் கீறி, அந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அவ்வப்போது புரட்டிக் கொடுத்தால் நிறமும் சுவையும் ஏறிவிடும். சோயாச் சாற்றில் உப்பு மிகுதி; ஆதலின் சோற்றிலோ குழம்பிலோ உப்பைக் குறைத்துக் கொள்க. இரத்த அழுத்தம் உடையவர்கள் அளவோடு உண்க.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. திருவரங்கத்து இல்லங்களில் சாடியிலிட்ட மாவடு மாதக்கணக்கில் கெடாதிருப்பதைக் காண்கிறோம். அங்கு மிகுந்த உப்பும் வடுவின் புளிப்பும் காவலாக நிற்கின்றன. முட்டைக்கு நாம் சேர்க்கும் நீரோ சுவைக்காகச் சேர்ப்பது; முட்டையைக் காக்கும் வலிமை அதற்கு இல்லை. எனவே குளிர்ப்பெட்டி இல்லாத இல்லங்களில், ஊறவைக்கும் நேரத்தையும் சேர்த்து, ஓடு நீக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் அதனுள்ளேயே இரவு முழுவதும் ஊறவிடலாம். மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் நன்றன்று. எஞ்சிய நீரை மீண்டும் ஊறவைக்கப் பயன்படுத்தலாகாது.

ஜப்பானியர் 6, 7 நிமிடமே வேகவைத்து, மஞ்சட்கருவை இளகிய நிலையில் விடுவர். அதனை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அரைவேக்காட்டு முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி உயிரோடிருக்கக் கூடும். குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோர்க்கு இது மிகுந்த கேடு பயக்கும். மஞ்சட்கரு முழுதும் கட்டியாகும்வரை வேகவைத்தலே நமக்கு ஏற்றது.

ஊராட்சி உறுப்பினர்கள் மகளிர் குழுக் கூட்டங்களில் முட்டையை நீரிலிட்டுச் சோதிப்பதையும், வேகவைக்கும் கால அளவையும் செய்து காட்டச் செய்வார்களாயின், அது ஊருக்கு நற்பயன் தரும். கோழி வளர்க்கும் வீட்டில் முட்டை சந்தைக்கு மட்டும் உரியதன்று. அவ்வீட்டுக் குழந்தைக்கும் உரியது என்பதை நாம் மறவாதிருப்போமாக.