வயிற்றுக்குள் வீங்கும் பெருந்தமனி

போர்ட் பிளேயரில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் நான். கல்லீரலைப் பார்க்க வரும் பெரியவர் பீடி பிடித்தவர் என்றால், பெருந்தமனியையும் அளந்துவிடுவேன். வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. 3 செ.மீ.யைத் தொட்டால் அது அனியூரிசம், அதாவது தமனி வீக்கம்.

சுவர் ஏன் தளர்கிறது? அதன் நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள்தாம் சுவரைத் தாங்கும் நார்களைப் பராமரிப்பவை. வயது, புகை, அழற்சி எல்லாம் சேர்ந்து அவற்றைச் சாகடிக்கின்றன. சில செல்கள் அமைதியாகத் தம்மையே முடித்துக்கொள்ளும். சில வெடித்து, அழற்சியை மேலும் கிளப்பும். நொதிகள் நார்களை அரிக்கும். சீரமைக்கச் செல்கள் போதாது. சுவர் மெலிந்து புடைக்கும். பெரும்பாலும் வலியே தெரியாது. 1955-இல் ஐன்ஸ்டைனின் உயிரைப் பறித்தது இப்படிப் புடைத்து வெடித்த தமனிதான்.

ஆண்களுக்கு வீக்கம் 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படும். அதற்குச் சென்னைக்குப் போவதென்றால், இங்கிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெடித்தபின் அந்தத் தூரத்தைக் கடப்பது மிகக் கடினம். எனவே 65 வயதைத் தாண்டிய ஐயாக்களே, எப்போதோ புகைபிடித்திருந்தாலும் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. இன்னும் புகைப்பவர்கள் பீடியை இன்றே விட்டுவிடுங்கள்.