பழத்தோட்ட மண்ணின் ரசாயனம்

எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில், மிளகும் ஏலமும் கிராம்பும் மணக்கும் கடைகளிலே ஜாதிக்காய் வாங்குவோர், அதன் வாசனையையும் விலையையும் விசாரிப்பதுண்டு. அதனை ஈன்ற மண்ணின் நிலையை விசாரிப்பவர் அபூர்வம். பெரியாறு, சாலக்குடி ஆறுகளின் கரைகளில், தென்னைக்கும் கமுகுக்கும் ஊடே தழைத்து நிற்கும் ஜாதி மரங்களைக் காண்பவர்கள், மழைக்குக் குறைவில்லாத பூமியில் சத்துக்கும் குறைவிராது என்றே கருதுவர். உண்மையோ அதற்கு நேர் விரோதமானது.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை, யுகயுகமாக நிலத்தினுள் இறங்கிச் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சாம்பல்சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட, கரையாத இரும்பும் அலுமினியமுமே தங்கியதால், ஆற்று வண்டலைக் கடந்த மேட்டு நிலங்கள் சிவந்து அமில குணம் அடைந்தன. நடுநிலைக்கு அடையாளமான பி.எச். 7 என்பது 5 ஆக இறங்கினால், அமிலத்தன்மை நூறு மடங்கு பெருகிவிட்டது என்று பொருள். அந்நிலையில் கரையும் அலுமினியம் வேர்நுனியைக் கருக்குகிறது. நாம் இடும் மணிச்சத்தையோ இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன.

கேரள மாநிலத் திட்டக்குழு 2013-இல் வெளியிட்ட மண்வள ஆய்வு, பல தோட்டங்களில் மணிச்சத்து மிதமிஞ்சிச் சேர்ந்திருக்க, மக்னீசியமும் போரானும் பற்றாக்குறையாக இருப்பதை எடுத்துக்காட்டியது. முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளிப்பது மக்னீசியக் குறைவின் லட்சணம். அதைக் கண்டும் வழக்கமான கலப்பு உரத்தையே மேலும் அள்ளியிடுவது, தாகித்தவனுக்குச் சோறு ஊட்டுவதை ஒக்கும்.

ஆகையால், உரமிடுமுன் மண்ணைப் பரிசோதிப்பதே விவேகம். எருக்குவியலையும் வரப்போரத்தையும் விலக்கி, தோட்டத்தின் பல இடங்களில் மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ அனுப்பினால் போதும். பரிசோதனையின் முடிவு அமிலத்தைக் காட்டினால் அளவறிந்து சுண்ணாம்பும், மக்னீசியமும் குறைந்தால் அதற்குப் பதிலாக டாலமைட்டும் இடலாம். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த உரமூட்டையை வாங்குமுன் ஒருமுறை மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.