அழைத்தலுக்கு வயது வரம்பு எதற்கு?

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகோ, கணவரை இழந்த பிறகோ, பணி ஓய்வு பெற்ற பிறகோ துறவறத்தை நாடும் கத்தோலிக்கப் பெண்களுக்குப் பல சபைகள் சொல்லும் முதல் பதில், வயது கடந்துவிட்டது என்பதுதான். இது திருச்சபைச் சட்டம் என்றே பலரும் நம்புகிறார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 643ஆம் எண்ணோ, நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சியில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும், திருமண பந்தம் நீடிக்கக் கூடாது என்கிறதே தவிர, வயதுக்கு மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை. வரம்பு போடுபவை அந்தந்தச் சபைகள்தாம். தாங்கள் போட்டதைத் தளர்த்தவும் அவற்றால் முடியும்.

திருச்சபையின் பழைய வழக்கமும் இதற்கு இடம் தருகிறது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், கைம்பெண்கள் பட்டியலில் சேர 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அங்கே முதுமைதான் தகுதி. 1610இல் பிரான்சிஸ் சலேசியாரும் ஜேன் தெ சாந்தாலும் ஆன்சியில் விசிட்டேஷன் சபையைத் தொடங்கியபோது, கடுந்தவ மடங்களின் கதவு திறக்காத கைம்பெண்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் மனத்தில் வைத்தே தொடங்கினார்கள். ஜேனுக்கு அப்போது வயது 38. கணவரை இழந்தவர், தாய். 1641இல் அவர் இறந்தபோது அந்தச் சபைக்கு 80க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன.

மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. சொந்தமாக வீடு நடத்திப் பழகியவர், தம்மைவிட இளைய தலைவிக்குக் கீழ்ப்படிவாரா என்பது நியாயமான கேள்வி. அதைச் சோதிக்கத்தான் குறைந்தது 12 மாத நவதுறவும், அதன்பின் குறைந்தது மூன்றாண்டுத் தற்காலிக வார்த்தைப்பாடும் இருக்கின்றன. ஒத்துவராவிட்டால் பிரிந்து செல்ல வழியும் உண்டு. இருபது வயதுப் பெண்ணுக்கும் இதே சோதனைதான். மருத்துவச் செலவு என்ற கவலையும் உண்மையானது. முதிய சகோதரிகளைப் பராமரிக்கத் திணறும் சபைகள் இருக்கின்றன. ஆனால் 642ஆம் எண் உடல்நலத்தையும் பக்குவத்தையும் பார்க்கச் சொல்கிறது. மருத்துவச் சான்று கேட்கலாம். பிறந்த தேதியை அதற்குப் பதிலாக வைப்பது சோம்பல். வயது தடையல்ல என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த அன்னை அந்தோனியா பிரென்னர் ஏழு பிள்ளைகளின் தாய், இருமுறை மணமுறிவு கண்டவர். 1977இல், 50 வயதில், மெக்சிகோவின் திஹுவானா நகர லா மெசா சிறைக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே ஓர் அறையில் தங்கிக் கைதிகளுக்குப் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். தம்மைப் போல் காலங்கடந்து வரும் பெண்களுக்கென்றே அவர் அமைத்த சபைக்கு 2003இல் ஆயரின் ஒப்புதல் கிடைத்தது.

குடும்பக் கடமையிலிருந்தோ தனிமையிலிருந்தோ தப்பிக்க வருகிறார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. சபையைத் தொடங்க ஜேன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில் மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டான்; அவர் அழுதபடியே அவனைத் தாண்டிச் சென்றார். அதற்கு முன்பே அவனுடைய படிப்பைத் தம் தந்தையின் பொறுப்பில் விட்டிருந்தார். மகளைத் தம்மோடு அழைத்துச் சென்றார். கடமையைத் தீர்த்துவிட்டு வருவதும் தட்டிக்கழித்துவிட்டு வருவதும் வேறு வேறு. எது எது என்பதை, வயதைக் கேட்டதுமே கோப்பை மூடிவிடும் சபையால் கண்டறிய முடியாது.

ஆகவே சபைத் தலைவியர் வயது வரம்பை நீக்கிவிட்டு, விண்ணப்பிப்பவரை நேரில் அழைத்துப் பேசிப் பார்க்கட்டும். விண்ணப்பிக்கும் பெண்களும் கடன்களை அடைத்து, பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசி, மருத்துவப் பரிசோதனை முடித்து, ஆன்ம குருவின் பரிந்துரையோடு செல்லுங்கள். ஒரு மடம் மறுத்தால் இன்னொன்றுக்கு எழுதுங்கள்.