ஸ்கீ தேர்ந்தெடுக்க ஒரு ஆரக் கணக்கு

ஸ்கீ விற்கும் கடையில் கண்ணைப் பறிப்பவை நிறமும் ‘புரட்சிகரத் தொழில்நுட்பம்’ என்கிற வாசகமும்தான். உபயோகமான தகவல் பலகையின் மேல் பொடி எழுத்தில் இருக்கிறது: 121-68-104, ஆரம் 13 மீட்டர். இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த சரிவில், வழுக்காமல் விளிம்பால் பனியை வெட்டிக்கொண்டு திரும்புவதைக் கார்விங் என்கிறார்கள். அதற்கு ஸ்கீ வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது இந்த எண்களைத்தான்.

அகலம் முன்னால் 121 மில்லிமீட்டர், நடுவில் 68, பின்னால் 104. ஆரம் என்பது பக்க விளிம்பின் வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அதன் ஆரம். இப்படி இடுப்பு ஒடுங்கிய பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் முனையும் வாலும் பனியைத் தொடும், நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகை மாதிரி. நடுவில் ஆள் நின்றால் அது தொய்ந்து தண்ணீரைத் தொடும். ஸ்கீக்குத் தண்ணீரின் இடத்தில் இறுகிய பனி. தொய்ந்த விளிம்பு பனியில் வில்லாகப் பதிய, அந்த வில்லின் வழியே மொத்த ஸ்கீயும் ஓடுகிறது. இன்னும் சாய்த்தால்? வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கியதுபோல் இடைவெளி கூடும். பலகை மேலும் வளைந்தாக வேண்டும். 60 டிகிரி சாய்வில் 13 மீட்டர் ஆரம் ஆறரை மீட்டராகிவிடுகிறது. பலகை தடிமனாக இருந்தால் சிறுவன் ஏறி நின்றாலும் அசையாது. மெலிதாக இருந்தால் பெரியவருக்குத் துவண்டுபோகும். அதனால் உடல் எடையைப் பார்க்காமல் ஸ்கீயின் விறைப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. மிதித்ததும் பலகை முறுக்கிக்கொண்டால் ஆள் வாய்க்காலில் விழுவார். ஸ்கீயிலும் முனை முறுக்கிக்கொண்டால் விளிம்பு பிடியை விட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே டைட்டனால் தகடு வைக்கிறார்கள். பெயர் பிரமாதமாக இருந்தாலும் அது உறுதியான அலுமினியக் கலவைதான்.

இதைவிட அழகான சங்கதி, ஆரத்துக்குள்ளேயே ஒரு வேகமும் அடங்கியிருப்பது. வேகம் கூடினால் அதிகம் சாய வேண்டும். சாய்ந்தால் வில் இறுகும். வில் இறுகினால் வெளிப்புறம் இழுக்கும் விசை ஏறி, இன்னும் சாயச் சொல்லும். ஓர் எல்லைக்கு மேல் இந்தத் துரத்தலில் உடலால் ஈடுகொடுக்க முடியாது. சரிவையும், சறுக்குபவர் இடுப்பை ஒடித்துச் சமாளிப்பதையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 13 மீட்டர் ஸ்கீக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். 30 மீட்டர் ஸ்கீக்கு 60-ஐச் சற்றுத் தாண்டும்.

இடுப்பு ஒடுங்கிய ஸ்கீ புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே நார்வேயின் டெலிமார்க்கில் சோண்ட்ரே நோர்ஹெய்ம் அதில் சறுக்கினார். 1990களில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பை ஆழமாக வெட்டிய எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தது. கார்விங் சாதாரண ஆட்களுக்கும் எட்டியது அதன் பிறகே.

ஸ்கீயை மட்டும் வைத்து வெற்றியைச் சொல்லிவிடவும் முடியாது. 2012இல் ஆண்களின் ஜயன்ட் ஸ்லாலம் என்ற ஸ்கீ பந்தயத்தில் குறைந்தபட்ச ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 ஆக்கினார்கள். காயங்களைக் குறைப்பது நோக்கம். அதைக் கடுமையாக எதிர்த்தவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. புதிய விதிப்படி ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் 2.75 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தவரும் அவரே.

பந்தயத்துக்குப் போகாதவருக்கு 13 முதல் 16 மீட்டர் ஆரமும், 65 முதல் 75 மில்லிமீட்டர் இடுப்பும் சரிப்பட்டுவரும். ‘எல்லாப் பனிக்கும் ஏற்றது’ என்று விற்கும் 90 மில்லிமீட்டர் இடுப்புள்ள ஸ்கீயைச் சமன்செய்த சரிவில் தவிர்ப்பது நல்லது. அதன் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே தள்ளி நிற்பதால், இறுகிய பனி தரும் எதிர்விசை முழங்காலை முறுக்கும். வாங்குவதற்கு முன் அதே ஸ்கீயை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எஃகு விளிம்பைத் தீட்டித் தரச் சொல்லிச் சறுக்கிப் பார்க்கலாம்.